ஓகே என்றால் என்ன சொல்கிறோம்?

“எக்ஸாம் எப்படி இருந்தது?” என்று கேட்டால் ஒருவர் “ஓகே” என்கிறார். “நாளைக்குக் காலையில் வந்துவிடு” என்றால் இன்னொருவர் “ஓகே” என்கிறார். தடுக்கி விழுந்தவரிடம் ஓடிப்போய் “ஆர் யூ ஓகே?” என்று விசாரிக்கிறோம். வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர் “ஓகே…” என்று ஆரம்பித்ததுமே சலசலப்பு அடங்குகிறது. சொல் ஒன்றுதான். முதல் இடத்தில் அது மதிப்பீடு, இரண்டாவதில் சம்மதம், மூன்றாவதில் நலம். நான்காவதில் அதற்குத் தனியாகப் பொருளே கிடையாது. இதுவரை பேசியது போதும், இனிமேல் பாடம் என்று கோடு கிழிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

ஆங்கிலம் படிக்காதவர்களும் புழங்கும் சொல் இது. தமிழிலும் “ஓகேவா?”, “ஓகே பண்ணியாச்சு”, “எனக்கு ஓகேதான்” என்று ஊறிப்போய்விட்டது. எல்லாருக்கும் தெரிந்த சொல் என்பதாலேயே யாரும் இதை உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களோடு பழகத் தொடங்கும்போதுதான், நாம் ஒன்று நினைத்துச் சொன்ன ஓகே அவர்கள் காதில் வேறொன்றாக விழுவது தெரிய வருகிறது.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஓகே செய்யும் வேலைகளை நாம் ஏற்கெனவே இரண்டு சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறோம்: “சரி”, “பரவாயில்லை”. சம்மதம் சொல்லவும், கேட்டுக்கொண்டதைக் காட்டவும், பேச்சைத் தொடங்கவும் முடிக்கவும் சரி. சுமார்தான் என்று மதிப்பிடவும், மன்னிப்புக் கேட்டவரைச் சமாதானப்படுத்தவும், வேண்டாம் என்று பதமாக மறுக்கவும் பரவாயில்லை. ஆங்கிலத்தில் இந்த இரண்டும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. எந்த இடத்தில் எது பேசுகிறது என்று பிரித்தறிந்துவிட்டால் ஓகே பிடிபட்டுவிடும்.

முதலில் பரவாயில்லைப் பக்கம். குழப்பம் பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு படத்தைப் பற்றி “இட் வாஸ் ஓகே” என்று ஒருவர் சொன்னால் அது பாராட்டு இல்லை. பார்க்கலாம், மோசமில்லை, ஆனால் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை என்றுதான் பொருள். நண்பர் ஆசையாக எழுதிக் காட்டிய கவிதையைப் படித்துவிட்டு “இட்ஸ் ஓகே” என்றால் அவர் முகம் வாடத்தான் செய்யும். நாம் “நல்லா இருக்கு” என்ற நினைப்பில் சொல்லியிருப்போம். அவருக்கு “ஏதோ இருக்கு” என்று கேட்டிருக்கும். பாராட்ட வேண்டிய இடத்தில் “குட்”, “கிரேட்”, “ஐ லைக்ட் இட்” என்று வெளிப்படையாகச் சொல்வதே முறை. ஓகே ஒன்றை ஏற்கும், புகழாது. இந்தச் சொல்லின் எல்லாப் பயன்பாட்டுக்கும் அடியில் இருப்பது இதுதான்.

அதே “இட்ஸ் ஓகே”, ஒருவர் “சாரி” என்று சொன்னதற்குப் பதிலாக வரும்போது முழுக்க வேறு முகம் காட்டுகிறது. கூட்டத்தில் தெரியாமல் காலை மிதித்தவர் மன்னிப்புக் கேட்கிறார். “இட்ஸ் ஓகே” என்கிறோம். இது மதிப்பீடே இல்லை. “பரவாயில்லை, விடுங்கள்” என்ற பெருந்தன்மை. அழுகிற குழந்தையை அணைத்துக்கொண்டு “இட்ஸ் ஓகே, இட்ஸ் ஓகே” என்று முதுகைத் தட்டிக்கொடுக்கும் தாயின் வாயில் அதுவே “ஒண்ணுமில்லடா கண்ணு” ஆகிவிடுகிறது. எனக்கு இந்தச் சொல்லின் மிக அழகான பயன்பாடு இதுதான் என்று தோன்றும். ஆபத்து எதுவும் இல்லை என்ற செய்தியை இதைவிடச் சிறிய ஒலியில் சொல்லிவிட முடியாது.

அடுத்தது மறுப்பு. “பையை நான் தூக்கிக்கொள்ளட்டுமா?” என்று ஒருவர் கேட்கிறார். “ஐம் ஓகே” என்று பதில் வருகிறது. தமிழ்க் காதில் இது சம்மதம் போல விழும். சரி என்று சொல்லிவிட்டாரே என்று கையை நீட்டுவோம். அவர் சொன்னதோ “வேண்டாம், பரவாயில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன்” என்பது. இங்கே கவனிக்க வேண்டியது “ஐம்” என்ற முன்சொல்லை. வெறும் “ஓகே” என்றால் சம்மதம். “ஐம் ஓகே” என்றால் “நான் இப்படியே நன்றாக இருக்கிறேன், எதுவும் தேவையில்லை” என்று மறுப்பு. ஒரு சொல் முன்னால் சேர்ந்ததும் பொருள் நேரெதிராகத் திரும்பிவிடுகிறது. ஆங்கிலத்தில் “ஐம் குட்”, “ஐம் ஃபைன்” என்பவையும் இதே மாதிரி மறுப்பாக வரும். ஆம் என்று சொல்ல விரும்பினால் “யெஸ், ப்ளீஸ்” என்பது எந்தச் சந்தேகத்துக்கும் இடம் வைக்காது.

நலம் விசாரிக்கும் “ஆர் யூ ஓகே?”, “ஹவ் ஆர் யூ?” என்பதிலிருந்து வேறுபட்டது. பின்னது வழக்கமான குசலம், யாரைப் பார்த்தாலும் கேட்கலாம். முன்னதைக் கேட்டாலே ஏதோ சரியில்லை என்று நமக்குப் பட்டிருக்கிறது என்று அர்த்தம். விழுந்தவரிடம், அழுதவரிடம், முகம் வெளிறியவரிடம் கேட்பது அது. காரணமே இல்லாமல் ஒருவரைப் பார்த்து “ஆர் யூ ஓகே?” என்றால், “ஏன், என்னைப் பார்த்தால் எப்படி இருக்கிறது?” என்று அவர் பதறக்கூடும்.

சரிப் பக்கத்தில் இவ்வளவு சிக்கல் இல்லை. ஒன்றே ஒன்றை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். சம்மதமும் ஒப்புகையும் வேறு வேறு. “அறிக்கையை மாலைக்குள் அனுப்பிவிடுங்கள்” என்றதற்கு “ஓகே” என்று பதில் வந்தால், அது “அனுப்பிவிடுகிறேன்” என்பதாகவும் இருக்கலாம், “நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன்” என்பதாகவும் இருக்கலாம். தமிழ்ச் “சரி”க்கும் இதே இரட்டைத் தன்மை உண்டு. “சரி சரி” என்று தலையாட்டிவிட்டுச் செய்யாமல் போகிறவர்களை நாம் அறிவோம். விமானிகளின் வானொலிப் பேச்சில் இந்தக் குழப்பம் வரக்கூடாது என்பதற்காகவே இரண்டு தனிச் சொற்கள் வைத்திருக்கிறார்கள். “ராஜர்” என்றால் உங்கள் செய்தி முழுவதும் வந்து சேர்ந்தது. “வில்கோ” என்றால் புரிந்தது, அப்படியே செய்கிறேன். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வது ஆபத்து. மருந்து அளவு, மின்சாரம், பணம் என்று பிழை நேரக்கூடாத எந்த விஷயத்திலும் நாமும் வெறும் ஓகேயோடு விட்டுவிடாமல், கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்வது நல்லது.

வாக்கியத்தின் கடைசியில் கேள்வியாக வரும் ஓகேயும் உண்டு. “ஐ வில் கால் யூ டுமாரோ, ஓகே?” என்றால் எதிராளியின் ஒப்புதலைக் கேட்கிறோம். நம் “சரியா?” அதேதான். குழந்தைகளிடம் இயல்பாகப் பொருந்தும் இது, பெரியவர்களிடமும் மேலதிகாரியிடமும் அதட்டலாகவோ கட்டளையாகவோ ஒலித்துவிடும். அங்கே “இஸ் தட் ஓகே வித் யூ?” என்று முழுசாகக் கேட்டால் பணிவு தானாக வந்துவிடும். அனுமதி கேட்க “இஸ் இட் ஓகே இஃப் ஐ…” என்று தொடங்கலாம். “உட் இட் பி ஓகே இஃப் ஐ…” என்றால் இன்னும் ஒரு படி மென்மை.

பேச்சைத் திருப்பும் ஓகே மிகவும் நுட்பமானது. தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும் இருவர் திடீரென்று இணைப்பைத் துண்டித்துக்கொள்வதில்லை. ஒருவர் “ஓகே…” என்கிறார், மற்றவரும் “ஓகே” என்கிறார், அதன் பிறகுதான் “பை” வருகிறது. உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த இமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர்கள் இருவரும் 1973-இல் இதைப் பற்றி எழுதினார்கள். அந்த முதல் ஓகே, “என்னிடம் சொல்ல வேறு ஒன்றுமில்லை, உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?” என்று வழிவிட்டு நிற்கிறது. மறுபக்கமும் ஓகே என்றால் இருவரும் முடிக்கத் தயார். புதிதாக ஏதாவது சொல்லத் தோன்றினால் அந்த இடைவெளியில் சொல்லலாம். நாம் “சரி, அப்ப வெச்சிடட்டா?” என்பதற்கு முன்னால் வெறும் “சரி…” என்று இழுத்து நிறுத்துவோமே, அச்சாக அதே வேலை.

ஏற்கும் ஆனால் புகழாது என்ற இந்த நடுநிலை ஓகேக்கு எங்கிருந்து வந்தது? பிறப்பிலேயே வந்தது.

1839 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெளியான ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழில் ஒரு கேலிக் குறிப்பு வந்தது. அதில் ஓ, கே என்ற இரண்டு எழுத்துகளும், பக்கத்திலேயே “ஆல் கரெக்ட்” என்ற விளக்கமும் இருந்தன. எல்லாம் சரி என்று பொருள். அதன் முதல் எழுத்துகள் ஆங்கிலத்தில் ஏ, சி என்றுதானே வர வேண்டும்? அந்தக் காலத்தில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. சொற்றொடர்களைச் சுருக்கி எழுதுவார்கள். அதையும் எழுத்துப் பிழையோடு வேண்டுமென்றே செய்வார்கள். “ஆல் ரைட்” என்பதை “ஓல் ரைட்” என்று எழுதி, ரைட்டுக்கும் தப்பான முதலெழுத்தைப் போட்டு, ஓ, டபிள்யூ என்று சுருக்கினார்கள். அப்படியே “ஆல் கரெக்ட்”, “ஓல் கொரெக்ட்” ஆகி, ஓ, கே என்று சுருங்கியது.

அந்த விளையாட்டில் பிறந்த மற்றச் சுருக்கங்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் மறைந்துபோயின. ஓகே பிழைத்ததற்கு அடுத்த ஆண்டு நடந்த அதிபர் தேர்தல் பெரிய காரணம். 1840-இல் மறுபடியும் போட்டியிட்ட அப்போதைய அதிபர் மார்ட்டின் வான் பியூரன், நியூயார்க் மாகாணத்தின் கிண்டர்ஹூக் என்ற ஊரில் பிறந்தவர். “ஓல்டு கிண்டர்ஹூக்” என்பது அவரது செல்லப் பெயர். அதன் முதல் எழுத்துகளும் ஓ, கே. ஆதரவாளர்கள் ஓகே கிளப் தொடங்கினார்கள். எதிர்க்கட்சியினரோ அதே இரண்டு எழுத்துக்கு வசைப் பொருள்களைக் கற்பித்துப் பரப்பினார்கள். வான் பியூரன் வில்லியம் ஹென்றி ஹாரிசனிடம் தோற்றார். ஆனால் நாடு முழுவதும் இரு தரப்பும் மாறி மாறிச் சொன்னதில் ஓகே வேரூன்றிவிட்டது.

இந்தச் சொல் அமெரிக்காவின் சாக்டா பழங்குடி மொழியிலிருந்து வந்தது என்றும், கிரேக்கத்தின் “ஓலா கலா”விலிருந்து வந்தது என்றும், மேற்கு ஆப்பிரிக்க மொழி ஒன்றிலிருந்து வந்தது என்றும் பல கதைகள் உண்டு. அதிபர் உட்ரோ வில்சன் சாக்டா விளக்கத்தை நம்பி, அதற்கேற்ற எழுத்துக்கூட்டலோடுதான் ஆவணங்களில் ஒப்புதல் எழுதினார். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட் பழைய நாளிதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, 1960-களின் தொடக்கத்தில் பாஸ்டன் கதையைச் சான்றுகளோடு நிறுவினார். இன்று மொழி வரலாற்றாளர்கள் பெரும்பாலும் ஏற்பது அதைத்தான்.

ஆக, ஓகே பிறந்ததே “எல்லாம் சரி” என்று டிக் அடிக்கும் குறியாக. சரிபார்த்தேன், பிழை இல்லை, மேலே போகலாம் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. தமிழில் “சரி” நடந்து வந்த பாதையும் இதேதான் என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. “கணக்கு சரி” என்னும்போது பிழையில்லை என்ற பொருள். “சரி, வருகிறேன்” என்னும்போது சம்மதம். தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள், பிழையின்மையைக் குறிக்கும் சொல்லையே சம்மதத்துக்கும் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

தந்தி வந்த பிறகு, செய்தி ஒழுங்காக வந்து சேர்ந்தது என்று மறுமுனைக்குத் தெரிவிக்க இந்த இரண்டு எழுத்து வசதியாக இருந்தது. சற்று முன் பார்த்த ஒப்புகைப் பொருள் இங்கே நன்றாகத் தெரிகிறது. தந்தியில் வந்த செய்தியோடு உடன்படுவதா வேண்டாமா என்பது தந்திக்காரரின் கவலை இல்லை. கிடைத்தது என்று சொல்வதோடு சரி. இன்று இணையத்திலும் அதே முறை இருக்கிறது. உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, சர்வர் எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்பதற்குத் தரும் குறியீடு 200. அதன் பெயரே ஓகே. பக்கம் இல்லாவிட்டால் வரும் 404-ஐ எல்லாரும் பார்த்திருப்போம். 200 தினமும் நம் கண்ணில் படாமல் வந்துபோகிறது.

கணினித் திரையில் ஓகே பொத்தான் வந்த கதையையும் சொல்ல வேண்டும். 1983-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட லிசா கணினியை வடிவமைத்தபோது, பொத்தானில் முதலில் இருந்தது “டூ இட்”, அதாவது “செய்” என்ற கட்டளை. சோதித்துப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் அதில் தடுமாறி நின்றார். அந்த எழுத்துருவில் நடுவில் இருந்த பெரிய ஐ, சின்ன எல் போலத் தெரிந்ததால், அவர் அதை முட்டாள் என்று பொருள்படும் “டோல்ட்” என்று வாசித்துவிட்டார். கணினி தன்னைத் திட்டுகிறதே என்று அவருக்குக் கோபம். வடிவமைப்பாளர்கள் அந்தப் பொத்தானை “ஓகே” என்று மாற்றினார்கள். கணினி ஒன்றைக் கேட்க, நாம் சம்மதம் தருகிறோம் என்ற உறவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது.

“ஏ-ஓகே” என்ற வடிவம் பரவலானது 1961 மே 5-க்குப் பிறகு. அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்ட் அன்று பறந்தபோது, நாசாவின் செய்தித் தொடர்பாளர் ஜான் பவர்ஸ் “எல்லாம் ஏ-ஓகே” என்று வீரர் சொன்னதாகச் செய்தியாளர்களிடம் தெரிவித்தார். உரையாடல் பதிவில் ஷெப்பர்ட் அப்படிச் சொன்னதாக இல்லை. ஆனால் சொல் நிலைத்துவிட்டது. எல்லாமே மிகச் சரி என்ற அழுத்தம் அதற்கு உண்டு.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வளையம் பல நாடுகளில் ஓகே என்ற சைகை. எல்லா நாட்டிலும் இல்லை. பிரேசிலில் அது ஆபாசம், ஜப்பானில் பணத்தைக் குறிக்கும். நீருக்கடியில் முக்குளிப்பவர்களிடையே மட்டும் இதற்கு உலகெங்கும் ஒரே பொருள்: நான் நலமாக இருக்கிறேன். அங்கே கட்டைவிரலை உயர்த்திக் காட்டக் கூடாது. அதற்கு “மேலே போகலாம்” என்று பொருள். அறிமுகமில்லாத ஊரில் இந்தச் சைகைக்குப் பதில் வாயால் சொல்லிவிடுவதே நல்லது.

இலக்கணம் எளிது. பெயரடையாக “ஹி இஸ் ஓகே”, வினையடையாக “ஷி இஸ் டூயிங் ஓகே”, பெயராக “தே கேவ் தி ஓகே”, வினையாக “ஷி ஓகேட் தி பிளான்”. எழுதும்போது இரண்டு பெரிய எழுத்தாகவும் எழுதலாம், ஓ-கே-ஏ-ஒய் என்று நான்கு எழுத்தாகவும் எழுதலாம். இரண்டும் சரி. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு இரண்டெழுத்து வடிவத்தையே கேட்கிறது. வேறு பலர் நான்கெழுத்தை விரும்புகிறார்கள். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். வினையாக்கி இறந்தகாலத்தில் எழுதும்போது நான்கெழுத்து வடிவம் வசதியானது, ஈ-டி சேர்த்தால் முடிந்தது. இரண்டெழுத்து வடிவத்துக்கு டி-க்கு முன்னால் அப்பாஸ்ட்ரஃபி குறி ஒன்று போட்டாக வேண்டும்.

குறுஞ்செய்தியில் இந்தச் சொல்லின் தொனி எழுத்தின் எண்ணிக்கையோடு மாறுகிறது. வெறும் “கே” என்று அனுப்பினால், கோபமாக இருக்கிறாரோ என்று படிக்கிறவர் நினைப்பார். முற்றுப்புள்ளிக்கும் கனம் உண்டு. அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒற்றைச் சொல் பதிலுக்குப் பின் முற்றுப்புள்ளி இருந்தால் அந்தக் குறுஞ்செய்தியில் மனப்பூர்வம் குறைவு என்று மாணவர்கள் கணித்தார்கள். கையால் எழுதிய சீட்டில் அந்த வேறுபாடு தெரியவில்லை. நேரில் பேசும்போது குரலும் முகமும் செய்யும் வேலையைத் திரையில் எழுத்தே செய்ய வேண்டியிருப்பதால், அன்பானவர்களுக்கு எழுதும்போது ஓகேயோடு இன்னும் இரண்டு சொல் சேர்ப்பது நல்லது. “ஓகே, தேங்க் யூ” என்றாலே குளிர்ச்சி போய்விடும்.

அலுவலகக் கடிதத்திலும் ஆய்வுக் கட்டுரையிலும் ஓகே கூடாது என்று ஆசிரியர்கள் சொல்வது வெறும் சம்பிரதாயம் இல்லை. “தி ரிசல்ட்ஸ் வேர் ஓகே” என்று எழுதினால், படிக்கிறவருக்கு முடிவுகள் எதிர்பார்த்தபடி வந்தனவா, குறைந்தபட்ச அளவைத் தொட்டனவா, குறையே இல்லையா என்று எதுவும் தெரியாது. அனுமதி கிடைத்துவிட்டது என்றால் “அப்ரூவ்டு”, தரம் போதும் என்றால் “சாட்டிஸ்ஃபேக்டரி”, உடன்படுகிறேன் என்றால் “ஐ அக்ரீ”, கிடைத்தது என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் “ரிசீவ்டு” என்று அந்தந்த இடத்துக்கான சொல்லைப் போடலாம்.